மனைவியின் காருக்கு நான் வைத்த மூக்கு

எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் ஆகாது. முகத்தைப் பார்த்தால் திருப்பிக்கொண்டு போகிற சாதாரண ஆகாமை இல்லை. நன்றாக உற்றுப் பார்த்து, எங்கே குத்தினால் வலிக்கும் என்று இடம் தேர்ந்து குத்துகிற, உழைப்பு கேட்கும் ஆகாமை. பத்தொன்பது வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாமல் நடத்தி வருகிறோம். ஆரம்பித்தது நான்தான். கல்யாண விருந்தில் என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் மைக்கைக் கொடுப்பவர்களைத்தான் முதலில் உதைக்க வேண்டும். மச்சான் அப்போது புதிதாக வளர்த்திருந்த மீசையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். மண்டபமே சிரித்தது. மறுவாரம் அவர் மீசையை எடுத்துவிட்டார். என்னைத்தான் இன்னும் எடுக்க முடியவில்லை.

ஜொகூர் பாரு, பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வரிசையில் அவர் வீடு. சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கும் டெக்னீஷியன். விடிவதற்கு முன்பே பாலத்தைத் தாண்டிப் போய், பொழுது சாய்ந்த பிறகு வருவார். நான் பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையில் ஸ்டோர் பார்க்கிறேன். ஜொகூரில் வெள்ளியும் சனியும் ஓய்வு நாளாக இருந்த காலத்தில் எனக்கும் சனி, ஞாயிறு லீவுக்காரரான அவருக்கும் பொதுவாக இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளில் என்ன பெரிதாகச் சண்டை போட்டுவிட முடியும்? மறுபடியும் சனி, ஞாயிறு ஓய்வு என்று மாற்றினார்கள். எங்கள் பகைக்கு வாரத்தில் இரண்டு முழு நாள் கிடைத்தது.

என் மனைவி மெர்சிங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஞாயிறு மதியம் கிளம்பிப் போய், அங்கே வாடகை அறையில் ஐந்து நாள் தங்கி, வெள்ளி மாலை திரும்புவாள். ஜொகூர் பாருவுக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதிப் போட்டிருக்கிறாள். மூன்று முறையும் மெர்சிங்குக்கு அவள் மிகவும் தேவைப்படுகிறாள் என்று பதில் வந்தது. எனக்கும் தேவைப்படுகிறாள் என்று நான் எழுதிப் போட முடியாது.

போக வர அவளுக்கு இருப்பது பன்னிரண்டு வயதான ஒரு வெள்ளி நிறக் கார். அவள் சம்பாத்தியத்தில் அவளே வாங்கியது. கோத்தா திங்கி வரைக்கும் தொல்லை இல்லை. அதற்குப் பிறகு போக ஒரு வழி, வர ஒரு வழி என்று குறுகிப்போகிற சாலை. இரண்டு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம். நடுவில், குலைகளைக் குன்றாக ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும் லாரிகள். எதிரில் வண்டி வராத நேரமாகப் பார்த்து, வெளியே எடுத்து, ஒரே மிதியில் தாண்ட வேண்டும். அந்த ஒரு மிதிக்கு எஞ்சினில் மூச்சு இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை என் மனைவியின் உயிர் அந்த மூச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்.

“என் கார்ல கை வைக்காதீங்க. கழுவணும்னா கழுவுங்க. பொன்னட்ட மட்டும் தொறக்காதீங்க.”

சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒருமுறை கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் பாத்திர சோப்பைக் கலந்து வைத்தேன். பளிச்சென்று இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணம். கோத்தா திங்கி சிக்னலில் அவள் பட்டனை அழுத்தியதும் நுரை பொங்கி, காருக்கு யாரோ ஷேவிங் செய்கிற மாதிரி ஆகிவிட்டது. பின்னால் நின்ற பேருந்தில் இருந்தவர்கள் படம் எடுத்தார்களாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் திரும்பி வந்து கேட்டருகே நின்று அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே காயப்போட்ட துணிகளுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை. துணி காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நீண்ட நேரம்.

“லாரிய வெட்டித் தாண்டவே முடியலண்ணே. மிதிச்சா பெருமூச்சு விடுது.”

“அடுத்த வாரம் நான் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் மாப்ளய மட்டும் கிட்ட விடாத. அவரு கை பட்டா நல்ல காரும் நொண்டும்.”

அவள் சிரித்தாள். அண்ணன் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தச் சிரிப்புதான் போய் எங்கேயோ தைத்தது. நம்முடைய ஜோக்குக்கு இந்த அளவுக்கு அவள் சிரித்து ஆறேழு வருடம் இருக்கும்.

எங்கள் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் இதே மாடல் காரை வைத்திருந்து விற்றுவிட்டார். அதில் மாட்டியிருந்த காற்றுக் குழாயை மட்டும் கழற்றி வைத்திருந்தார். பளபளப்பான அலுமினியக் குழாய். அதன் முனையில் சிவப்பு நிறத்தில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். காருக்கு இயல்பாக இருக்கிற கறுப்பு டப்பா எஞ்சினின் சூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு மூச்சு விடுகிறதாம். இதை மாட்டி, ஃபில்டரைக் கீழே பம்பருக்குள் இறக்கிவிட்டால், எதிர்க்காற்று குளுகுளுவென்று நேராக உள்ளே போகுமாம். கார் பறக்குமாம். இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோற்றுக்கு அது என் கைக்கு வந்தது. வீட்டில் கழிவறைக்குள் உட்கார்ந்து நான்கு வீடியோ பார்த்தேன். நான்கிலும் இருபது நிமிட வேலை என்றார்கள். அவர்கள் எவருக்கும் எதிர்வீட்டில் மச்சான் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் சிநேகிதியோடு துணிக்கடைக்குக் கிளம்பினாள். எப்படியும் மூன்று மணி நேரம். சிநேகிதியின் கார் முனை திரும்பியதும் பொன்னட்டைத் திறந்தேன். அந்தச் சத்தத்துக்கே எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. கசாப்புக் கடையில் கத்தி தீட்டினால் பூனைகள் வருமே, அப்படி. ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, இன்னொரு கையில் பையில் கட்டிய பாலில்லாத கோப்பி ஓ. எங்கள் கேட்டுக்கு வெளியே, நிழல் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஸ்ட்ராவை ஒரு இழுப்பு இழுத்தார்.

“என்ன மாப்ள, காரு என்ன பாவம் பண்ணுச்சு?”

“மூக்கு மாத்தறேன் மச்சான்.”

“ஏன், அதுக்குச் சளியா?”

“உங்க தங்கச்சிதான் லாரிய வெட்ட முடியலன்னா.”

“என்கிட்டல்ல சொன்னா.”

“நான் துணிக்குப் பின்னால நின்னேன்.”

“நெனச்சேன். துணிக்குக் கீழ தொப்ப தெரிஞ்சுது.”

அவர் மற்ற எல்லோரையும் நீ, வா, போ என்பார். எனக்கு மட்டும் ‘ங்க’ போடுவார். மரியாதையாலேயே மிதிப்பது அவருக்குக் கைவந்த கலை.

கறுப்பு டப்பாவைப் பிடித்திருந்த போல்ட்டுகள் எல்லாம் பத்தாம் நம்பர். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது என் விரல் நுனியில் ஒரு நொடி நின்று, டிங் என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுக் காணாமல் போனது.

“எங்க விழுந்துச்சு, பாத்தீங்களா மச்சான்?”

“பாத்தேன்.”

“எங்க?”

“சொல்ல மாட்டேன்.”

நான் காருக்கு அடியில் படுத்தேன். எஞ்சினுக்கு இடையில் கையை விட்டு, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். காந்தத்தைத் தேடி வீட்டுக்குள் போய், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அன்னாசிப்பழ பொம்மையைப் பிய்த்து வந்து, அதை நூலில் கட்டித் தூண்டில் போட்டேன். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நான் எஞ்சினுக்குள் மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. மச்சான் கோப்பியின் கடைசிச் சொட்டையும் சத்தமாக உறிஞ்சி முடித்துவிட்டு, ஸ்ட்ராவால் என் காலைச் சுட்டிக் காட்டினார். மடித்து விட்டிருந்த கால்சட்டை மடிப்புக்குள் போல்ட் சுகமாகப் படுத்திருந்தது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“கோப்பி மிச்சம் இருந்துச்சே மாப்ள.”

குழாயை மாட்டினேன். டப்பாவில் இருந்த சின்ன சென்சாரைக் கழற்றிக் குழாயில் செருகினேன். ரப்பர் வாயை வளையம் போட்டு முறுக்கினேன். எல்லாம் சரியாகவே வந்தது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. குழாய் வளைந்து இடது விளக்குக்குக் கீழே இறங்கி, பம்பரின் அடிப்பகுதிக்குப் பின்னால் சிவப்பு ஃபில்டரோடு வந்து நின்றது. அந்த இடத்தில் பம்பருக்கு ஒரு பிளாஸ்டிக் வலை. வலை இருந்தால் காற்று எப்படி வரும்? ஆக்சா பிளேடை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு அறுத்தேன்.

மச்சான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஏய்! பம்பர அறுக்கிறியா நீ?” ‘ங்க’ எங்கேயோ பறந்துவிட்டது. “அவ்வளவு கீழ வச்சா தண்ணி ஏறும்யா. கோத்தா திங்கில ஒரு மழ பெஞ்சா ரோடு ஆறாப் போவும், தெரியாதா? மேலயே வையி!”

“உங்க தங்கச்சி ஆத்துல ஓட்ட மாட்டா மச்சான். ரோட்டுலதான் ஓட்டுவா.”

அவர் சொன்னது சரிதான். எனக்கும் தெரியும். குழாயைக் கொஞ்சம் திருப்பி ஃபில்டரை மேலேயே நிறுத்தலாமா என்று நானே ஒரு நிமிடம் யோசித்திருந்தேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் மேலேயே வைத்திருப்பேன். அவர் சொல்லிவிட்டதால் கீழேதான் வைக்க முடியும். இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

வேலை முடிந்தபோது இரண்டு போல்ட்டும் ஒரு வளைந்த தகடும் மிச்சம் இருந்தன. ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பழைய கறுப்பு டப்பாவை ஒரு கிழிந்த துண்டில் சுற்றி, அவள் காரின் பின்பக்கப் பூட்டில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒளித்தேன் என்றே சொல்லிவிடலாம்.

சாவியைத் திருப்பினேன். இஞ்சி மொரப்பாவைத் தின்ற மாடு மாதிரி ஒரு கர்ஜனை.

“அலமாக்,” என்றார் மச்சான். “தெருவுல யாருக்கோ ஆஸ்துமா.” நாற்காலியை மடித்துக்கொண்டு போனார்.

மனைவி வந்தாள். அரைகுறையாகத் துடைத்த என் கையைப் பார்த்தாள். பைகளைக் கீழே வைத்துவிட்டு அவளே பொன்னட்டைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடினாள். அடித்து மூடியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாக மூடினாள்.

“நான் என்ன சொல்லியிருந்தேன்?”

“கழுவலாம்னு.”

“கழுவினீங்களா?”

“இல்ல.”

சாவியை வாங்கிக்கொண்டு போய் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இறங்கும்போது அவள் முகத்தில் ஏதோ ஒன்று இருந்தது. எனக்குத் தெரியாமல் மறைத்தாள். கார் மிதித்ததும் பாய்ந்திருக்கிறது! பதினேழு வயதுப் பையன் மாதிரி மனதுக்குள் குதித்தேன். அந்தக் குதியை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“சிரிக்காதீங்க. திங்கட்கிழமை காலையில எனக்கு முதல் பீரியட். இது என்னைப் பத்திரமா மெர்சிங்ல கொண்டுபோய்ச் சேர்த்துச்சுன்னா சரி. சேர்க்கலன்னா, இந்தக் கார் சாவி இனிமே உங்க கைக்கு வராது. அதோட...”

அதோட என்ன என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க அந்த ‘அதோட’ வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஞாயிறு மதியம், அவள் கிளம்புகிற நேரத்துக்கு, மச்சான் கோயிலுக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு. தட்டில் நான்கு எலுமிச்சம்பழம், மஞ்சள் தடவிய தடித்த நூல், ஒரு கட்டு வேப்பிலை. எங்கள் ஆட்கள் கார் வைத்திருந்தால் முன்பக்கக் கிரில்லில் இது ஒரு செட் தொங்கும். காய்ந்ததும் மாற்றுவோம். ஆனால் வழக்கமாக ஒரு பழமும் இரண்டு கொத்து வேப்பிலையும்தான். இவர் கொண்டு வந்தது அம்மன் தேரையே ஜோடிக்கலாம் போலிருந்தது.

“சாமிகிட்ட வச்சு வாங்கிட்டு வந்தேன்மா,” என்றார் தங்கையிடம், எனக்குக் கேட்கிற மாதிரி. “மனுசன் பண்ணி வச்சதை அந்த ஆத்தா பாத்துக்கட்டும்.”

காருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதுகு முழுக்க என் பக்கம். நான் போர்ச் தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நேற்று அவர் உட்கார்ந்து ரசித்த கணக்கைத் திருப்பித் தர வேண்டாமா?

“நல்லா இறுக்குங்க மச்சான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேணுமா?”

“உங்க ஸ்பேனர நீங்களே வச்சுக்குங்க. இதுல கைய வைக்காதீங்க. நேத்து மாட்டுக்கறி தின்னீங்களோ என்னவோ.”

“கோழி.”

“அதுவும் தள்ளி நின்னே பேசுங்க.”

தள்ளியே நின்றேன். அவர் எங்கே கட்டுகிறார் என்று போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். சூடம் காட்டினார். டயருக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். அவள் ஏறி உட்கார்ந்து, பழம் நசுங்க முன்னால் நகர்ந்து, எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். வடக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. என்னுடையது இல்லை, அவருடையது. எதிர்வீட்டு வாசலில் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதையும், அவருடைய கண் என்மேல் வந்து நிற்பதையும் பார்த்தேன். ‘சரிம்மா, சரிம்மா’ என்றார். கார் கதவைத் திறந்தார்.

“ஏறுங்க.”

“எங்க?”

“கோத்தா திங்கி தாண்டி. வண்டி போவல. ஓரமா நிக்கிறா.”

“அவளுக்கு ஒண்ணும்...?”

“உசிரோட இருக்கா. அது உங்க புண்ணியம் இல்ல.”

அவருடைய கார் புதுசு. யாரையும் ஓட்ட விடமாட்டார். சொந்த மனைவியையே விட்டதில்லை. எனக்காக முன் சீட்டில் ஒரு செய்தித்தாளை விரித்தார். காலைத் தட்டிவிட்டு ஏறச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனோம். கோத்தா திங்கியை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பாலத்தில் அவர் வேகத்தைக் குறைத்து, கீழே தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

“மாப்ள. இப்ப ஒரு ஜோக்கு வந்துச்சு, இங்கயே எறக்கி விட்டுருவேன்.”

மூடிக்கொண்டேன். உண்மையில் ஜோக் எதுவும் இல்லை. அவள் ஏன் எனக்குப் போன் செய்யவில்லை என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பதில் எனக்கே தெரிந்திருந்தது. நின்றுபோன காரில் மழைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, வண்டியை நிறுத்திய ஆளையா கூப்பிடுவாள்?

யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகை நட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கடை. வாசலில் அவள் கார். கடையில் கெரோபோக் மீன் அப்பளம் பொரிக்கிற மலாய்க்கார அம்மா அவளுக்கு ஒரு சிவப்பு முக்காலியும் ஒரு குவளை பாலில்லாத தே ஓவும் கொடுத்திருந்தார். அவள் புத்தகப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

அவள் அண்ணனிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், என்னைப் பார்க்கவில்லை.

“நேரான ரோடுண்ணே. எதிர்ல யாருமில்ல. குலை லாரிய வெட்ட வெளிய எடுத்தேன். பாதி லாரி வரைக்கும் போச்சு. அப்புறம் மிதிக்க மிதிக்க ஒண்ணுமில்ல. தரை வரைக்கும் மிதிச்சேன். எதிர்ல ஒரு வேன் வந்துருச்சு, லைட்டப் போட்டுக்கிட்டு. லாரிக்காரரு பிரேக் போட்டு எனக்கு எடம் விட்டாரு. அவரு மட்டும் விடலன்னா...”

தே ஓவைக் கையில் எடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்தாள்.

“போயி பாருங்க, ரெண்டு பேரும். நான் பாத்துட்டேன்.”

மழை தூறலாகக் குறைந்திருந்தது. மச்சான் பெரிய டாக்டர் மாதிரி பொன்னட்டைத் தூக்கினார். நான் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். நான் அறுத்த ஓட்டை என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதன் விளிம்பில் மஞ்சள் நூல் நன்றாக இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. நூலின் மீதி உள்ளே போயிருந்தது. விரலை விட்டு இழுத்தேன். மூன்று எலுமிச்சம்பழமும் வந்தன. பிறகு வேப்பிலை. ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி, இன்னும் ஒன்று. எஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சலில் முழுக்கட்டும் உள்ளே போய், மழையில் ஊறி, மஞ்சளும் குங்குமமும் குழைந்து, என் சிவப்பு ஃபில்டரைச் சுற்றி அடை தட்டின மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை.

கையில் வேப்பிலையோடு நிமிர்ந்தேன். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் பார்த்ததில்லை. என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. அங்கே கண்ணாடி இருந்தது, நான் பார்க்கவில்லை.

“இதை யாரு மச்சான் கட்டினது?”

“ஓட்டைய யாரு போட்டது?”

“எப்பவும் கிரில்லுலதானே கட்டுவீங்க!”

“மூணு பழம், அவ்ளோ வேப்பல, கிரில்லுல நிக்கல. இங்க வாகா ஒரு ஓட்ட இருந்துச்சு, கட்டினேன். ஓட்டைக்குப் பின்னால உங்க மூக்கு நிக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“நேத்து உக்காந்து பாத்தீங்களே! கோப்பி குடிச்சுக்கிட்டுப் பாத்தீங்களே!”

“கீழ வைக்காதன்னு சொன்னேனா இல்லியா?”

“தண்ணி ஏறும்னுதான் சொன்னீங்க. வேப்பல ஏறும்னு சொன்னீங்களா?”

“நான் கட்டும்போது வந்து பாத்தா என்ன, கொள்ளையா போயிருக்கும்? தூண்ல சாஞ்சுக்கிட்டு நக்கலு!”

“கைய வைக்காதீங்க, தள்ளி நில்லுங்கன்னது யாரு?”

ஐம்பதைத் தொடப்போகிற ஒருவரும் தாண்டிய ஒருவரும், மழையில் நனைந்துகொண்டு, நடுவில் ஒரு கத்தை வேப்பிலையை வைத்துக்கொண்டு சாலையோரத்தில் கத்தினோம். குலை லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கடைக்கார அம்மா என் மனைவியிடம், இருவரும் உடன்பிறந்தவர்களா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றாள் அவள். அந்த அம்மா நம்பவில்லை.

அவள் எழுந்து வந்தாள்.

“முடிஞ்சுதா? அண்ணே, சாவி.”

“உள்ளதாம்மா இருக்கு, உன் வண்டியில...”

“உங்க கார் சாவி.”

மச்சானின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. “அது புதுசும்மா. கியரு வேற மாதிரி. நான் வேணா கொண்டுபோயி விட்டுட்டு...”

“காலையில நாப்பது பிள்ளைங்க உக்காந்திருப்பாங்க. நான் போவணும். ஒருத்தர் ஓட்ட போட்டீங்க. ஒருத்தர் அடைச்சீங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தீங்களே தவிர, என்னையோ காரையோ பாத்தீங்களா? சாவியக் குடுங்க.”

கொடுத்தார். பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர் மாதிரி கொடுத்தார். அவள் பைகளை மாற்றினாள். எனக்காக விரித்த செய்தித்தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி, அன்று முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“பூட்ல துண்டுக்குள்ள பழைய டப்பா இருக்கு. மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க.”

தெரிந்திருக்கிறது. சனிக்கிழமையே தெரிந்திருக்கிறது.

“அண்ணே, அவரு மாட்டறப்போ கூட இருங்க. போல்ட்டு விழுந்தா எங்க விழுந்துச்சுன்னு சொல்லுங்க.”

அந்தக் கதையையும் அவர் பெருமையாக அவளிடம் சொல்லி வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. புதுக்கார் ஒரு சின்ன உறுமலோடு சாலையில் ஏறியது. சற்றுத் தள்ளி முன்னால் ஒரு லாரி. விளக்கைச் சிமிட்டினாள், வெளியே எடுத்தாள், தாண்டினாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் மூச்சு விட்டோம். ஒரே நேரத்தில் விட்டதற்கு வெட்கப்பட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வெளிச்சம் இருக்கும்போதே டப்பாவை மாட்டினோம். அவர் ஸ்பேனரைக் கையில் கொடுக்கவில்லை. என் காலடியில் போட்டார். நான் டப்பாவைப் பிடித்தேன், அவர் முறுக்கினார். மீதி இரண்டு போல்ட்டும் தகடும் பெர்மாஸ் ஜெயாவில் ஜன்னல் விளிம்பில் இருந்தன. டப்பா ஒரு பக்கம் ஆடியது. கீழே கிடந்த மஞ்சள் நூலை எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றி அவர் கட்டினார்.

“இதையாவது சரியான எடத்துல கட்டுங்க மச்சான்.”

“வாய மூடிக்கிட்டு டப்பாவப் பிடிங்க.”

வெள்ளிக் காரிலேயே வீடு திரும்பினோம். அந்த வாரம் அவர், அறுத்த பம்பரோடு பாலம் ஏறக் கூசி, பக்கத்துத் தெருவில் யாரிடமோ மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கிப் பாலம் தாண்டினார். வெள்ளி மாலை அவள் வந்தாள். காரிலிருந்து மெர்சிங் கருவாட்டு வாசனை அவளுக்கு முன்னால் இறங்கியது. அண்ணிக்கு வாங்கி வந்தாளாம், இரண்டு கிலோ, பின் சீட்டில். மச்சான் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை.

“நல்ல கார்ண்ணே,” என்றாள். “லாரிய சூப்பரா வெட்டுது. மாத்தல் கெடைக்கிற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்.”

மாற்றல் நான்காவது முறையும் வரவில்லை. அவளுடைய வெள்ளிக் கார் இப்போது மச்சானிடம். சாவியும் அவரிடம்தான். அந்த ‘அதோட’ என்னவென்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கிற தைரியத்தில் இல்லை. எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் அவளே கட்டுகிறாள், கிரில்லில், ஒரே ஒரு பழம். நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். பம்பரில் ஓட்டை அப்படியே இருக்கிறது. சிவப்பு ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, மஞ்சள் கறை போகாமல், அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் ஒரு பொட்டலம் நாசி லெமாக்குக்குத் தருகிறேன்.

எனக்கு மிச்சமிருப்பது கழுவும் உரிமை. சனிக்கிழமை காலை இரண்டு காரையும் கழுவுகிறேன். மச்சான் நாற்காலியோடும் கோப்பி ஓவோடும் வந்து உட்காருகிறார்.

“மாப்ள, ஒரு எடத்துல சோப்பு போவல.”

“எங்க மச்சான்?”

ஸ்ட்ராவை ஒரு இழுப்பு இழுப்பார்.

“சொல்ல மாட்டேன்.”